டிஸ்பிளேயைத் தூக்கிப் போட்டேன், சென்சாரை வைத்துக்கொண்டேன்

உறைபனி விழப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வயர்லெஸ் வானிலை செட் வாங்கின கதை இது. ஊட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். மேட்டில் வீடு, சரிவில் கேரட்டும் பீட்ரூட்டும், அடியில் ஓடையை ஒட்டின பள்ளத்தில் கொஞ்சம் தேயிலையும் நாற்றுப் பாத்தியும். பள்ளத்தில் தேயிலை வைத்தது மாமனார் காலத்து முடிவு. குளிர்காற்றுக்குக் கனம் அதிகம். ராத்திரி அது சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடையோரம் போய்த் தேங்கும். வீட்டு வாசலில் 6 டிகிரி இருக்கிற இரவிலேயே கீழே புல் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனி விழுந்தால் பத்திரிகையில் படம் வரும், சுற்றுலா வருகிறவர்கள் அள்ளி அள்ளி விளையாடுவார்கள். எங்களுக்கு அது கருகின கொழுந்து, அவ்வளவுதான்.

நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கும்போது நாற்றுப் பாத்தியை மூடிவைக்க வேண்டும். தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து மூடுகிறார்களே, அதேபோலத்தான். தேயிலைக்கு, வெயில் ஏறுவதற்குள் ஸ்பிரிங்ளர் போட்டுப் பனியைக் கழுவிவிட வேண்டும். இதற்கெல்லாம் தேவை ஒரே ஒரு தகவல்: பள்ளத்தில் இப்போது எத்தனை டிகிரி? தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் சாயங்காலம் வானத்தைப் பார்த்துவிட்டு, “துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு டீச்சரம்மா, நாளைக்கு விழும்” என்பார். பத்துக்கு ஏழு தடவை சரியாக இருக்கும். மிச்ச மூன்று தடவை பள்ளத்துக்கு டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கினது நான்.

அதனால் வாங்கினதுதான் இந்த வயர்லெஸ் வானிலை செட். ஒரு டிஸ்பிளே, மூன்று சென்சார், 2,650 ரூபாய், ஆன்லைனில். பெயர் போடவில்லை. ஒரே டப்பாவை நாலைந்து பெயர் ஒட்டி விற்கிறார்கள், அதனால் பெயர் தெரிந்தும் உங்களுக்குப் பெரிய உபயோகம் இல்லை. முக்கியமானது சென்சாரின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் 433.92 மெகாஹெர்ட்ஸ் என்ற எண். அதை மட்டும் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கி வந்தால் 915 ஆக இருக்கலாம், ஐரோப்பாவிலிருந்து வந்தால் 868 ஆக இருக்கலாம். இனி நான் சொல்லப்போகிற எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

முதலில் டிஸ்பிளேயைத் திட்டி முடித்துவிடுகிறேன். அட்டையில் 60 மீட்டர் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து நாற்றுப் பாத்தி 90 மீட்டர் இருக்கும், நடுவே மரமும் சரிவும். 60 என்றால் எப்படியாவது 90 இழுக்கும் என்று நினைத்தது என் பேராசை. 40 மீட்டரிலேயே எண்ணுக்குப் பதிலாக இரண்டு கோடு வந்து நின்றது. ஒருதடவை சிக்னல் போய்விட்டால் அது தானாகத் திரும்பத் தேடாது, பின்னால் இருக்கிற பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு அந்தப் பொத்தானை அழுத்த நான் விழித்திருந்தால் எனக்கு அலாரமே தேவையில்லையே. நேற்று ராத்திரி எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்ற பதிவும் கிடையாது. குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் காட்டும், அதையும் நள்ளிரவில் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். ராத்திரியை நடுவில் வெட்டி இரண்டு நாளாக்குகிற இந்த யோசனை யாருடையதோ, அவர் பனி விழுகிற ஊரில் இருந்திருக்க மாட்டார்.

திருப்பி அனுப்பலாம் என்று இருந்தேன். சென்னையில் இருக்கும் அண்ணன் மகன்தான் தடுத்தான். “அத்தை, சென்சார் நல்லா பேசுது, கேக்குற காதுதான் மந்தம். காதை மாத்துங்க” என்றான். அவன் சொன்னதில் பாதி அப்போது புரியவில்லை. இருபத்தேழு வருடம் பள்ளியில் கணக்கு நடத்தினவள், பூஜ்யமும் ஒன்றும் மட்டும் வைத்து எழுதுகிற இரண்டடிமான எண்களைக் கரும்பலகையில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். அதை வைத்துக் காற்றில் போகிற பேச்சைப் படிக்கலாம் என்று அதுவரை தோன்றினதே இல்லை.

அவன் ரிச்சி தெருவில் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்ட பொருட்கள்: ஈஎஸ்பி32 என்ற, வைஃபையோடு வரும் குட்டிக் கணினிப் போர்டு ஒன்று 450 ரூபாய், டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஜோடியாக வரும் பச்சைப் பலகை 90 ரூபாய், ஆர்எக்ஸ்பி6 என்ற ரிசீவர் 220 ரூபாய், கொஞ்சம் ஜம்பர் ஒயர். தனது ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளையும் இரவல் கொடுத்திருந்தான். அது கணினியில் டிவி பார்ப்பதற்காக வந்த யுஎஸ்பி குச்சி. அதற்குள் இருக்கிற சில்லு டிவி மட்டுமில்லாமல் கண்ட அலைவரிசையையும் பிடித்துக் கணினிக்குள் தள்ளும் என்று 2012 வாக்கில் கண்டுபிடித்ததிலிருந்து ரேடியோ ஆர்வலர்களுக்கு அது செல்லப்பிள்ளை.

டாங்கிளைச் செருகி, ஆர்டிஎல்_433 என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். இருநூறுக்கும் மேற்பட்ட சென்சார் வகைகளின் பேச்சு அதற்குத் தெரியும். ஒரு நிமிடம் எதுவும் இல்லை. அப்புறம் திரையில் வந்து விழுந்தது: நெக்ஸஸ், சேனல் 2, வெப்பநிலை 11.4, ஈரப்பதம் 83, பேட்டரி சரி. டிஸ்பிளேயைப் பார்த்தேன், அதுவும் 11.4. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது, எங்களுடையது இல்லை. சாலையில் போன ஏதோ ஒரு காரின் டயர் காற்றழுத்தம். மறுபடி இன்னொரு கார். ஊட்டிக்கு ஏறுகிற வண்டிகளின் டயரெல்லாம் இப்படி ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு போகின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நம் சென்சாரும் அப்படித்தான். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. எங்கள் பள்ளத்தின் குளிரை யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கணினியை ராத்திரி முழுக்க ஓடவிட முடியாது. சென்சாரின் மொழி நெக்ஸஸ் என்று டாங்கிள் சொல்லிவிட்டது, அதன் வேலை முடிந்தது. இனி அந்த மொழியை ஈஎஸ்பி32-க்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அந்த மொழி இவ்வளவு எளிமையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சென்சார் அலையை அனுப்பும் அல்லது அனுப்பாது, இரண்டே நிலை. 500 மைக்ரோவினாடி அனுப்பும், அப்புறம் சும்மா இருக்கும். அந்த மௌனத்தில்தான் விஷயம். 1,000 மைக்ரோவினாடி மௌனம் என்றால் பூஜ்யம், 2,000 என்றால் ஒன்று, 4,000 என்றால் ஒரு வரி முடிந்தது. ஒரு வரிக்கு 36 இலக்கம். அதே வரியைப் பன்னிரண்டு தடவை திரும்பத் திரும்பச் சொல்லும். மொத்தம் ஏறக்குறைய ஒரு வினாடி. பிறகு ஒரு நிமிடம் போல தூங்கிவிடும்.

என் நோட்டில் ஒட்டி வைத்திருக்கும் ஒரு வரி இது:

1010 0111 1001 0000 0011 1111 1111 0101 1000

முதல் எட்டு இலக்கம் சென்சாரின் அடையாள எண், 167. அடுத்த நான்கில் முதலாவது 1 என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, கடைசி இரண்டும் சேனல். 01 என்பது சேனல் 2, ஏனென்றால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அதற்கடுத்த பன்னிரண்டும் வெப்பநிலை: 0000 0011 1111, அதாவது 63, பத்தால் வகுத்தால் 6.3 டிகிரி. அடுத்த நான்கு எப்போதும் 1111. கடைசி எட்டு ஈரப்பதம், 88 சதவீதம். இதைப் பென்சிலால் பிரித்து எழுதி, டிஸ்பிளேயை எடுத்து வந்து பார்த்தபோது அதிலும் 6.3, 88. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்ட ஒரு பள்ளிக்கூடம் கையில் இல்லையே என்று அன்றைக்கு இருந்தது.

சரி, ரிசீவருக்கு வருகிறேன், இந்த மதிப்புரையே முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

முதலில் 90 ரூபாய் பச்சைப் பலகையைப் போட்டுப் பார்த்தேன். வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன், வேண்டாம். அது சூப்பர் ரீஜெனரேட்டிவ் வகை. 433-க்கு அக்கம்பக்கத்தில் எது கத்தினாலும் சேர்த்துக் கேட்கும், யாரும் கத்தாதபோது தானே கத்தும். சென்சாரை மேசை மேல் பக்கத்தில் வைத்தால் வரிகள் ஒழுங்காக வந்தன. வாசலைத் தாண்டி இருபது எட்டு நடந்தேன், போயிற்று. சமையலறையில் ஒரு எல்இடி பல்பைப் போட்டால் வாசலிலிருந்தும் வரவில்லை. ஜோடியாக விற்கிறார்களே என்று நிறையப் பேர் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள், இரண்டு நாள் புரோகிராமைத் திட்டுகிறார்கள், அப்புறம் இது நமக்கு வராது என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். தப்பு அவர்களுடைய புரோகிராமில் இல்லை.

ஆர்எக்ஸ்பி6 சூப்பர்ஹெட்டரோடைன் வகை. உள்ளே ஒரு படிகம் இருப்பதால் அலைவரிசை நிலையாக நிற்கும், வந்த அலையைக் கீழிறக்கிக் குறுகலாக வடிகட்டிக் கேட்கும். நம் வீட்டுப் பழைய ரேடியோவும் இந்தக் குடும்பம்தான். அதே மேசை, அதே புரோகிராம், ரிசீவரை மட்டும் மாற்றினேன். வாசல், கேரட் பாத்தி, தண்ணீர்த் தொட்டி என்று சென்சாரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் நின்று, மேலே பேத்தியிடம் “வந்துச்சா?” என்று கத்தினேன். தொட்டி வரை வந்தது. ஓடைக்கு இறங்கினதும் நின்றுவிட்டது.

அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். “அத்தை, ஆன்டெனா ஒயரை அளந்து வெட்டினீங்களா, குத்துமதிப்பா வெட்டினீங்களா?”

குத்துமதிப்பாகத்தான். கணக்கு டீச்சருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. 433.92 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 69 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 17.3 சென்டிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்தேன், வீட்டு ஒயரிங்கில் மிச்சம் கிடந்த செப்புக் கம்பியை வெட்டி, நேராக நிமிர்த்திப் பற்றவைத்தேன். கூடவே கொடுத்த ஸ்பிரிங் சுருளைக் கழற்றிப் போட்டேன். ரிசீவரைக் கூடத்திலிருந்து எடுத்துப் பள்ளத்தைப் பார்த்த ஜன்னலுக்கு மாற்றினேன். அன்றைக்கு ஓடையோரத்திலிருந்து பன்னிரண்டு வரியில் பத்துப் பதினொன்று வந்தன. மழைநாளில், இலையெல்லாம் நனைந்திருக்கும்போது ஐந்தாறாகக் குறையும், ஆனாலும் ஒரு வரி போதுமே.

ஒரு வரி போதாது என்பதை அடுத்த வாரம் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் இணைக்கும்போது செய்யக்கூடாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஆர்எக்ஸ்பி6-ஐ 5 வோல்ட்டில் ஓட்டினால் அதன் டேட்டா கால் (தகவல் வெளியே வரும் பின்) 5 வோல்ட்டை வெளியே விடும், ஈஎஸ்பி32-இன் கால்களுக்கு 3.3-க்கு மேல் ஆகாது. நான் போர்டின் 3.3 வோல்ட் காலிலிருந்தே மின்சாரம் கொடுத்தேன், எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. இன்னொன்று, இரண்டையும் ஒட்டினாற்போல் வைக்காதீர்கள். ஈஎஸ்பி32 வைஃபை பேசும்போது ரிசீவருக்குக் காது அடைத்துக்கொள்கிறது. ஒரு சாண் தள்ளி வைத்தேன், செல்போன் சார்ஜரை வேறு பிளக்குக்கு மாற்றினேன், தொலைந்தது தொல்லை.

புரோகிராம் பெரிய வித்தையில்லை. டேட்டா கால் ஏறும்போதும் இறங்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மௌனம் 1,500-க்குக் கீழே என்றால் பூஜ்யம், மேலே என்றால் ஒன்று, 3,000-ஐத் தாண்டினால் வரி முடிந்தது. சரியாக 1,000 என்றும் 2,000 என்றும் எதிர்பார்த்து எழுதினால் ஒன்றும் கிடைக்காது, ரிசீவர் வழியாக வரும்போது எல்லாம் கொஞ்சம் நீளும், கொஞ்சம் சுருங்கும். 200-க்குக் குறைவான துடிப்பெல்லாம் இரைச்சல், தூக்கிப் போடலாம். முழுப் புரோகிராம் எண்பது வரி வந்தது. எழுத மனமில்லாதவர்களுக்கு ஓப்பன்எம்க்யூடிடிகேட்வே என்று தயாராக ஒரு மென்பொருள் இருக்கிறது, சிசி1101 என்ற ரேடியோ சில்லோடு சேர்த்துப் போட்டால் ஆர்டிஎல்_433-க்குத் தெரிந்த பல சென்சார்கள் அதற்கும் தெரியும். நான் பிடிவாதமாக நானே எழுதினேன். அதனால்தான் பின்வரும் கூத்தெல்லாம்.

முதல் கூத்து. ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு 51.1 டிகிரி என்று பதிவாகியிருந்தது. இன்னொரு நாள் ஈரப்பதம் 143 சதவீதம். காரணம், இந்த நெக்ஸஸ் மொழியில் சரிபார்ப்பு எண் என்று எதுவும் இல்லை. பல சென்சார்களில் வரியின் கடைசியில் ஒரு எண் இருக்கும், முன்னால் வந்ததைக் கூட்டிக் கழித்துப் பார்த்து அந்த எண் வந்தால்தான் வரி சரி. இதில் நடுவில் வரும் 1111 தவிர வேறு காவல் கிடையாது. இரைச்சல் தற்செயலாக 36 இலக்கம் மாதிரி வந்து, நடுவில் நாலு ஒன்றும் அமைந்துவிட்டால் அதுவும் ஒரு வானிலைதான். விலை குறைந்த சென்சாரில் எங்கே காசை மிச்சம் பிடித்தார்கள் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். பன்னிரண்டு தடவை சொல்வதை வைத்து அதைச் சமாளிக்கலாம். இப்போது என் புரோகிராம் ஒரே மாதிரி மூன்று வரி வந்தால்தான் நம்பும். போன நிமிடத்துக்கும் இந்த நிமிடத்துக்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் அடுத்த நிமிடம் வரை பொறுக்கும். அடையாள எண்ணும் எனக்குத் தெரிந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கூத்து அந்தக் கடைசி நிபந்தனையால் வந்தது. நவம்பரில் பள்ளத்து சென்சாருக்குப் புது பேட்டரி போட்டேன். அன்றிலிருந்து இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. ஒயரைப் பார்த்தேன், ஆன்டெனாவைப் பார்த்தேன், ரிசீவர் செத்துப்போயிற்று என்றே முடிவு கட்டினேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் இந்தச் சென்சார் புதிதாக ஒரு அடையாள எண்ணை எடுத்துக்கொள்ளும். 167 இப்போது 42. நிமிடத்துக்கு நிமிடம் அது ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தது, என் புரோகிராம்தான் நீ யாரோ என்று துரத்திக்கொண்டிருந்தது. இப்போது எண்ணைப் பார்ப்பதில்லை, சேனலை மட்டும் பார்க்கிறேன். அது சென்சாருக்குள் இருக்கும் சின்ன சுவிட்சு, பேட்டரி போனாலும் மாறாது.

மூன்றாவது கொஞ்சம் வலித்த கூத்து. ஜனவரியில் ஒரு நாள். பஸ்ஸரைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன், 1.5 டிகிரிக்குக் கீழே போனால் கத்தும். மூன்றே காலுக்குக் கத்தியது. கம்பளியை விலக்குவதற்கே ஒரு மனோதிடம் வேண்டும் இந்த ஊரில். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று படுத்தேயிருந்தேன். நாலு மணி வாக்கில் தானாக நின்றுவிட்டது. நிம்மதியாகப் போனை எடுத்துப் பார்த்தால் 409.2 டிகிரி. சூரியன் பள்ளத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டதா என்ன? இந்தப் பெட்டியை நம்பி எழுந்தால் முட்டாள்தனம் என்று திரும்பிப் படுத்துவிட்டேன்.

காலையில் பெரியவர் மேலே ஏறி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, வெள்ளையாக விறைத்த ஒரு நாற்றை மட்டும் கையில் கொண்டுவந்து படியில் வைத்தார்.

கணக்கு மறுபடி என்னுடைய பாடம்தான். பன்னிரண்டு இலக்கத்தில் வெப்பநிலை எழுதும்போது பூஜ்யத்துக்குக் கீழே போனால் 4,096-இலிருந்து கழித்து எழுதுவார்கள். மைனஸ் 0.4 என்றால் மைனஸ் 4, அதாவது 4,092: 1111 1111 1100. அதை நான் அப்படியே பத்தால் வகுத்து 409.2 என்று போட்டிருக்கிறேன். எண் 2,047-க்கு மேல் போனால் 4,096-ஐக் கழி என்ற ஒரே ஒரு வரி புரோகிராமில் இல்லை. மைனஸ் எண்ணை இரண்டடிமானத்தில் எழுதுவது எப்படி என்று மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவள் நான். நாற்று இரண்டு பாத்தி போயிற்று. நீங்கள் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருந்தால் இந்தத் தப்பு உங்கள் புரோகிராமில் ஆயுசுக்கும் தெரியாமலே இருக்கும். ஒருதடவை சென்சாரை ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

ஃப்ரீசர் என்றதும், சென்சார் எவ்வளவு சரியாக அளக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஐஸை நொறுக்கித் தண்ணீர் விட்டுக் கூழ் மாதிரி கலக்கினால் அது 0 டிகிரியில் நிற்கும். மூன்று சென்சாரையும் தனித்தனி பாலிதீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அரை மணி நேரம் அதில் அமுக்கி வைத்தேன். ஒன்று 0.1, ஒன்று 0.3, மூன்றாவது 0.7 காட்டியது. இந்த விலைக்கு நல்ல பிள்ளைகள். வித்தியாசத்தைப் புரோகிராமிலேயே கழித்துக்கொண்டேன். ஈரப்பதத்தை நான் பெரிதாக நம்புவதில்லை, மேகம் இறங்கும் நாட்களில் 99-இல் ஏறி உட்கார்ந்துகொண்டு மறுநாள் வெயில் அடித்தபிறகும் இறங்க மனமில்லாமல் இருக்கும்.

வைக்கும் இடம் பற்றி ஒன்று. வானிலை நிலையங்களில் வெப்பமானியை ஆள் மார்பு உயரத்தில் வெள்ளைப் பெட்டிக்குள் வைப்பார்கள். பனி விழுவது தரையில். காற்றில்லாத தெளிந்த இரவில் மார்பு உயரத்துக்கும் புல் நுனிக்கும் சில டிகிரி வித்தியாசம் வரும், அதனால்தான் செய்தியில் 3 டிகிரி என்று சொன்ன அன்றைக்கும் புல் உறைந்திருக்கிறது. நான் ஒரு சென்சாரைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும் இன்னொன்றை மார்பு உயரத்திலும் வைத்திருக்கிறேன். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைத் தட்டுகளைக் கவிழ்த்து, நடுவில் ஓட்டை போட்டு, இடைவெளி விட்டு அடுக்கிக் கம்பியில் கோத்தால் அதுவே கூடு. கூடு இல்லாமல் வெயிலில் தொங்கவிட்டால் பகலில் பத்து டிகிரி பொய் சொல்லும்.

பேட்டரிக்குச் சாதாரண அல்கலைன் போட்டால் கோடையில் போதும், உறைகிற ராத்திரிகளில் படுத்துவிடுகிறது. லித்தியம் பேட்டரி, ரீசார்ஜ் வகை இல்லை, 1.5 வோல்ட் என்று போட்டுத் தனியாக விற்பார்கள், விலை மூன்று மடங்கு. அதைப் போட்டபிறகு இரண்டாவது குளிர்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி தீரப்போகிறது என்ற இலக்கமும் வரியிலேயே வருவதால் முன்கூட்டியே தெரியும்.

மதிப்பெண் போடச் சொன்னால்: சென்சாருக்குப் பத்துக்கு எட்டு. சரிபார்ப்பு எண் இல்லாததற்கு ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒன்று குறைத்தேன். ஆர்எக்ஸ்பி6-க்கு ஒன்பது. அதன் கால்களுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்க எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது, அதற்காக அந்த ஒன்று. ஈஎஸ்பி32 இந்த வேலைக்குக் கொஞ்சம் அதிகம், அதைவிட எளிய ஆர்டுயினோ ஊனோ போர்டே துடிப்பை எண்ணிவிடும்; ஆனால் போனில் பார்க்க வைஃபை வேண்டுமே, அதனால் சரி. பச்சைப் பலகைக்கு மதிப்பெண் இல்லை, பேத்தி அதன் டிரான்ஸ்மிட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருக்கிறாள்.

இந்தக் குளிரில் இதுவரை பதினோரு தடவை பஸ்ஸர் அடித்தது. ஒன்பது தடவை கீழே வெள்ளை. இரண்டு தடவை மேகம் வந்து மூடிவிட்டதால் தப்பித்தது, அந்த இரண்டையும் பெரியவர் முந்தின நாளே சொல்லியிருந்தார் என்பதையும் எழுதாமல் விட்டால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார்.

அந்த டிஸ்பிளே இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. மணி பார்க்க நன்றாக இருக்கும், நீல விளக்கு எரியும். யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி மட்டும் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.